இலகுரகப் பூட்டும் அதன் சோதனையும்

(திருவிடைமருதூரில் நடைபெற்ற வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘வெள்ளி விழாவில் பழைய வரலாறு பேசுவதற்கு இங்கே பலர் இருக்கின்றனர், நம் பிள்ளைகள் நாளை கைவைக்கக்கூடிய ஒரு துறையைப் பற்றி நீங்கள் பேசுங்கள்’ என்று விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். அதன்படி இலகுரக மறையாக்கம் என்னும் பொருளை எடுத்துக்கொண்டோம். பெயர் புதிது, பொருள் அத்துணைப் புதிதன்று.

மாட்டுச் சந்தைக்குச் சென்றவர்கள் இதனை நன்கறிவார்கள். தரகர் இருவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைகளின்மேல் போர்த்திக்கொள்வர். துண்டுக்கடியில் ஒருவர் விரலை மற்றவர் பிடிப்பார், விலை முடிந்துவிடும். விரலால் விலை பேசுகிறார்கள் என்பது சுற்றி நிற்கும் நூறு பேருக்கும் தெரியும். எத்தனை விரல் என்பது மட்டுமே தெரியாது. முறை எல்லார்க்கும் பொது. எண் இருவர்க்கு மட்டும் உரியது. மறையாக்கக் கலையின் தலையாய விதியும் இதுவேயாகும். 1883ஆம் ஆண்டில் ஆகுஸ்த் கெர்க்கோஃப்ஸ் என்னும் மொழியறிஞர், பாரிசிலிருந்து வெளிவந்த படைத்துறை இதழ் ஒன்றில் இதனை எழுதிவைத்தார். முறை பகைவர் கையில் சிக்கினாலும் கேடு விளையலாகாது. இரகசியம் சாவியில் மட்டுமே இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து.

ஆனால் தரகருக்குத் துண்டு இருக்கிறது. வானலையில் செல்லும் செய்திக்குத் துண்டு கிடையாது. அது செல்லும் வழியெல்லாம் எவரும் அதனைப் பிடித்துக்கொள்ளலாம். ஆகவே செய்தியையே உருமாற்றி, சாவி உடையவர் மட்டும் மீட்டெடுக்கும்படி அனுப்பவேண்டியிருக்கிறது. அதனையே மறையாக்கம் என்கிறோம்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நெல் மூட்டை ஏற்றிச் செல்லும் லாரியின் முகப்புக் கண்ணாடியைப் பாருங்கள். அங்கே ஒட்டப்பட்டிருக்கும் பாஸ்டேக் சீட்டில் மின்கலம் இல்லை. சுங்கச் சாவடியிலுள்ள கருவி அனுப்பும் அலையிலிருந்தே அது தன் உயிர்ப்பைப் பெற்றுக்கொண்டு விடை சொல்கிறது. 2021 பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் அது கட்டாயமாக்கப்பட்டது. வங்கி அட்டையில் ஒரு சில்லு இருக்கிறது. நியாயவிலைக் கடையில் விரல் வைக்கும் கருவி இருக்கிறது. வாய்க்கால் நீர்மட்டத்தையும் வயலின் ஈரத்தையும் அளந்து சொல்லும் சிறு கருவிகளும் வந்துவிட்டன. இவற்றுள் விரல் வைக்கும் கருவியைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். நாற்று நட்டுத் தேய்ந்த விரலின் ரேகை அதன் வழியே செல்கிறது. சாவி திருடு போனால் வேறு சாவி செய்துகொள்ளலாம். விரல் திருடு போனால் வேறு விரலுக்கு எங்கே போவது?

இனி இலகுரகம் என்னும் அடைமொழிக்கு வருவோம். இன்று உலகெங்கும் வழங்கும் ஏ.இ.எஸ். என்னும் மறைமுறை 2001இல் அமெரிக்க அரசின் தரமாக அறிவிக்கப்பட்டது. பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த யோன் டாமென், வின்சென்ட் ரெய்மென் ஆகிய இருவர் வகுத்தது அது. கணிப்பொறிக்கும் கைப்பேசிக்கும் அது ஒரு சுமையே அன்று. மிகச் சிறிய சில்லுக்கோ அது பெருஞ்சுமை. சில்லில் இடத்தை அளப்பதற்கு ஓர் அலகு வைத்திருக்கிறார்கள். மிக எளிய தருக்க வாயில் ஒன்று அடைக்கும் பரப்பே அந்த அலகு. விலை மலிந்த வானலைச் சீட்டு ஒன்றில் மொத்தம் 1000 முதல் 10,000 வாயில்கள் வரைதான் இருக்கும் என்றும், அதில் பாதுகாப்புக்கென 200 முதல் 2000 வரையே ஒதுக்கமுடியும் என்றும் 2005ஆம் ஆண்டளவில் அறிஞர்கள் கணக்கிட்டனர். அப்போது ஏ.இ.எஸ். முறையின் மிகச் சிறிய வடிவமே 3400 வாயில்களைக் கேட்டது. 2011இல் அரும்பாடுபட்டு அதனை 2400க்குக் கொண்டுவந்தனர். குடிசைக்குக் கோட்டைக் கதவைக் கொண்டுவந்து மாட்டினால் கதவு நிற்கும், குடிசை சாயும்.

குடிசைக்குக் கதவே வேண்டா என்பாரும் உண்டு. மலிவான பொருளுக்கு மலிவான காவல் போதும் என்பது அவர்கள் வாதம். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. மலிவான பொருளைக் கையில் வைத்திருப்பவரின் உடைமை அவருக்கு மலிவானதன்று. இலகுரக மறையாக்கம் என்பது பூட்டின் எடையைக் குறைக்கும் முயற்சியேயன்றிக் காவலைக் குறைக்கும் முயற்சி அன்று.

எடையோடு காவலையும் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று ஒன்று உண்டு. மைஃபேர் கிளாசிக் என்னும் சில்லு 1994இல் சந்தைக்கு வந்தது. இலண்டன் மாநகரப் பயண அட்டை உட்பட உலகில் கோடிக்கணக்கான அட்டைகளில் அது இடம்பெற்றது. அதனுள் இருந்த மறைமுறையை நிறுவனத்தார் இரகசியமாகவே வைத்திருந்தனர். சாவியின் நீளம் 48 பிட். 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் பிளோட்ஸ் ஆகிய இருவர், சில்லை அடுக்கடுக்காகத் தேய்த்து, நுண்ணோக்கியில் படம் பிடித்து, வாயில்களை அடையாளங்கண்டு, இரகசிய முறையைப் பெரும்பகுதி வெளிக்கொணர்ந்ததை எடுத்துரைத்தனர். அடுத்த ஆண்டில் நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள ராட்பவுட் பல்கலைக்கழகத்தார் முறையை முற்றாக அவிழ்த்து, அதன் நலிவுகளையும் காட்டினர். அக்கட்டுரையை வெளியிடலாகாது என்று நிறுவனம் நீதிமன்றம் சென்றது. 2008 ஜூலையில் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. முறையை மறைத்துவைத்ததால் பூட்டு வலுப்பெறவில்லை. அதன் நலிவு 13 ஆண்டுகள் வெளித்தெரியாமல் இருந்தது, அவ்வளவே.

அதே 2007ஆம் ஆண்டில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நிகழ்ந்தது. வியன்னாவில் கூடிய அறிஞர் மாநாட்டில், ஜெர்மனி, டென்மார்க், பிரான்சு நாடுகளைச் சேர்ந்த எண்மர் ‘பிரசென்ட்’ என்னும் மறைமுறையை வெளியிட்டனர். எதனையும் மறைக்கவில்லை, ஏன் இப்படி அமைத்தோம் என்பதற்கும் காரணம் எழுதினர். ஒருமுறைக்கு 64 பிட் செய்தி, 80 பிட் சாவி, 31 சுற்று. வாயில்கள் 1570. அது 2012இல் பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது.

இதனைக் கரும்பலகையிலேயே போட்டுக்காட்ட இயலும் என்பதாலேயே இங்கு எடுத்துக்கொண்டோம். 64 பிட்டுகளை நான்கு நான்காகப் பிரித்தால் 16 கட்டங்கள் வரும். பல்லாங்குழிக்குக் குழி 14. இதற்கு இரண்டு கூடுதல். ஒவ்வொரு கட்டத்திலும் 0 முதல் 15 வரை ஓர் எண் இருக்கும். நான்கு பிட்டுகளுக்கும் இடமிருந்து வலமாக 8, 4, 2, 1 என்று மதிப்பு. ஒரு சுற்றில் மூன்று வேலைகள் உண்டு.

முதல் வேலை, சாவியைச் சேர்த்தல். செய்திப் பிட்டும் சாவிப் பிட்டும் ஒத்திருந்தால் 0, ஒவ்வாதிருந்தால் 1. இரண்டாவது, மாற்றுப் பட்டியல். கட்டத்தில் 0 இருந்தால் 12 என்று மாற்றவேண்டும். 1 இருந்தால் 5. அதன்பின் 2 முதல் 15 வரைக்கும் முறையே 6, 11, 9, 0, 10, 13, 3, 14, 15, 8, 4, 7, 1, 2. மூன்றாவது, இடமாற்றம். 16 கட்டங்களின் முதற் பிட்டுகளை வரிசை மாறாமல் திரட்டி முதல் நான்கு கட்டங்களை நிரப்பவேண்டும். இரண்டாம் பிட்டுகளால் அடுத்த நான்கை. இவ்வாறே மூன்றாவதும் நான்காவதும்.

செய்தியும் சாவியும் முற்றிலும் 0 என்று கொள்வோம். சாவி சேர்த்தாலும் 0 தான். பட்டியலின்படி 16 கட்டங்களும் 12 ஆகின்றன. 12 என்பது 1100. இடமாற்றத்திற்குப் பின் முதல் எட்டுக் கட்டங்களில் 15, அடுத்த எட்டில் 0. முதற் சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்றுக்குச் சாவியும் உருமாறி வருகிறது. 80 பிட் சாவியை 61 இடம் இடப்புறமாகச் சுழற்றி, முதல் நான்கு பிட்டுகளை அதே பட்டியலால் மாற்றி, சுற்றெண்ணையும் ஓரிடத்தில் கலப்பார்கள். நம் கணக்கில் முதற் கட்டத்தில் 12, ஏனைய கட்டங்களில் 0 என்று சாவி வரும். சேர்த்தால் முதற் கட்டத்தின் 15 மட்டும் 3 ஆகிறது. பட்டியலின் வழியே முதற் கட்டம் 11, அடுத்த ஏழும் 2, கடைசி எட்டும் 12. இடமாற்றத்தின்பின் கிடைப்பது 8, 0, 15, 15, 0, 0, 15, 15, 15, 15, 0, 0, 8, 0, 0, 0. வெறும் சுழியத்திலிருந்து தொடங்கிய வரிசை இரண்டே சுற்றில் இப்படிச் சிதறத் தொடங்கிவிட்டது. 31 சுற்றும் முடித்து, இறுதிச் சாவியையும் சேர்த்தால் 5, 5, 7, 9, 12, 1, 3, 8, 7, 11, 2, 2, 8, 4, 4, 5 என்று வரவேண்டும்.

இனி, தாளில் இருக்கும் இம்முறையைக் கருவியில் அமைப்பது எப்படி? ஒரு சுற்றுக்கான மின்சுற்றை ஒருமுறை அமைத்துத் திருப்பித் திருப்பிப் பயன்படுத்தினால் 1570 வாயில்களும் 32 கடிகாரத் துடிப்பும் போதும். ஒரே ஒரு மாற்றுப் பட்டியலை வைத்து 16 கட்டங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அதன் வழியே செலுத்தினால் வாயில்கள் ஏறத்தாழ 1000 ஆகக் குறையும். துடிப்புகள் 500க்கு மேல் போய்விடும். பதினாறு பேர் நடவேண்டிய வயலை ஒருவரே நடுவதைப் போன்றது அது. ஆள் குறையும், பொழுது நீளும். இடமாற்றத்தில் மற்றொரு விந்தை உண்டு. சில்லில் அதற்குச் செலவே இல்லை. கம்பியை வேறிடத்திற்கு இழுத்துவிட்டால் முடிந்தது. அதனையே சிறு கணிப்பொறியில் நிரலாக எழுதினால் பிட்டு பிட்டாகப் பொறுக்கி வைக்கவேண்டியிருப்பதால் நேரம் மிகுதியாகும். ஆகவே எது இலேசு என்பது எங்கே அமைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. விளம்பரத்தில் இலேசானது என்று மட்டும் எழுதியிருந்தால், எதில் என்று கேட்கவேண்டும்.

அமைத்தபின் சோதிக்கவேண்டும். இந்தச் சோதனையைப் பற்றியே இன்று அதிகமாகச் சொல்ல விரும்புகிறோம்.

இந்தக் காவிரிக் கரையில் உழைப்புக்குக் கூலி நெல்லாக அளக்கப்பட்ட காலத்தை இங்குள்ள முதியோர் அறிவார்கள். வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் என்று இருந்த களங்களைப் பற்றியும் கேட்டிருக்கிறோம். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது கூலி இவ்வளவு என்று சட்டம் சொல்லிற்று. ஆயினும் மரக்கால் சரியா என்று பார்க்க ஒருவருக்கு உரிமையும் வேண்டும். பார்க்கத் தெரியவும் வேண்டும். அளக்கிறவர் சொல்லே அளவைக்குச் சான்று என்றால் அது சோதனை ஆகாது. சில்லுக்கும் இது பொருந்தும்.

பிரசென்ட் முறையை வகுத்தவர்கள் தம் கட்டுரையின் இறுதியில் சரிபார்க்க நான்கு விடைகளைக் கொடுத்துள்ளனர். நாம் மேலே கண்டது அவற்றுள் ஒன்று. அந்த நான்கிலும் செய்தி ஒன்று முழுதும் 0, அல்லது முழுதும் 1, சாவியும் அப்படியே. இதில் ஓர் ஓட்டை இருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம். ஒருவர் செய்தியை வலமிருந்து இடமாகத் தலைகீழாக வாங்கும்படி கருவியை அமைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் 0 என்றால் தலைகீழாக வாங்கினாலும் 0 தான். எல்லாம் 1 என்றாலும் அப்படியே. நான்கு சோதனையிலும் அந்தக் கருவி தேறிவிடும். உண்மைச் செய்தி வந்த அன்றே அது பிழைபடும். வெறும் மரக்காலையும் தலைதட்டிய மரக்காலையும் மட்டும் பார்த்துவிட்டு, இடையிலுள்ள கோடுகளைப் பார்க்காமல் விட்டதற்கு ஒப்பாகும் இது. கொடுத்த விடை வந்துவிட்டது என்று நிறைவடைவது தேர்வு எழுதும் மாணவருக்குப் போதுமானதாக இருக்கலாம். கருவி செய்வோருக்குப் போதாது. கட்டத்துக்குக் கட்டம் வேறுபட்ட எண்களைக் கொடுத்து, வேறொருவர் தனியே எழுதிய நிரலின் விடையோடு ஒப்பிடுதல் வேண்டும்.

எல்லாச் சாவிகளையும் போட்டுப் பார்த்துவிடலாமே எனில், இயலாது. 80 பிட் சாவியில் எத்தனை சாவிகள் உண்டோ அத்தனையையும், நொடிக்கு ஒரு இலட்சம் கோடி வீதம் முயன்றாலும் 38,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். (48 பிட் சாவிக்கு அதே வேகத்தில் ஐந்து நிமிடம்கூட ஆகாது. மைஃபேர் பூட்டின் நிலையை இதிலிருந்தே உணரலாம்.) ஆகவே முழுமையைச் சோதிக்க இயலாதபோது பகுதிகளை முழுமையாகச் சோதிக்கிறார்கள். மாற்றுப் பட்டியலில் 16 வரிகள்; அனைத்தையும் பார்த்துவிடலாம். இடமாற்றத்தில் 64 கம்பிகள். ஒன்றுவிடாமல் தொட்டுப் பார்க்கலாம். பகுதிகளை இணைத்த விதம் சரிதான் என்பதற்கு, வரையறையையும் மின்சுற்றையும் அருகருகே வைத்து, இரண்டும் மாறுபடும் உள்ளீடு ஒன்றுகூட இல்லை என்று தருக்க முறையில் நிறுவும் நிரல்கள் இன்று உள்ளன. அந்த நிறுவல் ஆயிரம் சோதனைகளுக்கு மேலானது.

விடை சரியாக வந்தாலும் கருவி காட்டிக்கொடுத்துவிடக் கூடும். பம்புசெட்டின் ஓசையைக் கேட்டே நீர் ஏறுகிறதா, காற்று இழுக்கிறதா என்று நம் விவசாயி சொல்லிவிடுகிறார் அல்லவா? சில்லும் வேலை செய்யும்போது மின்சாரத்தை ஏற்றமும் இறக்கமுமாக உறிஞ்சுகிறது. அது உள்ளே புரளும் 0, 1 ஆகியவற்றைப் பொறுத்து மாறுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை ஆயிரக்கணக்கான முறை அளந்து, கணக்கிட்டு, சாவியையே எடுத்துவிடலாம் என்று பால் கோச்சரும் அவர்தம் துணைவர்களும் 1999இல் காட்டினர். இதற்கு மாற்று, உள்ளேயிருக்கும் எண்ணைத் தற்செயல் எண் ஒன்றோடு கலந்து இரண்டு மூன்று பங்காகப் பிரித்துவைத்துக் கணக்கிடுவது. ஒரு பங்கின் ஓசையைக் கேட்டவர்க்கு ஒன்றும் விளங்காது. ஆனால் இதற்கு வாயில்கள் மிகும். ஏறத்தாழ 1000 என்ற கணக்கு 2300 அளவுக்கு ஏறிவிடும். இலேசாகச் செய்த பூட்டு, செவிகொடுத்துக் கேட்பவனிடமிருந்து தப்புவதற்காக மீண்டும் கனக்கிறது. இந்தச் செலவை மறைத்து எண்களைக் காட்டும் கட்டுரைகளும் உள.

கருவி சரியா என்பது ஒரு சோதனை. மறைமுறையே சரியா என்பது அதனினும் பெரிய சோதனை. அதற்கு உலகம் கண்ட வழி, முறையை வெளியில் வைத்து, உடையுங்கள் என்று அறிஞர்களை அழைப்பதே. பிரசென்ட் முறையின் 31 சுற்றுகளில் 26 சுற்றுவரை கொள்கையளவில் தாக்கலாம் என்று 2010இல் ஒருவர் காட்டினார். பின்னர் அது 28 சுற்றுவரை முன்னேறியது. முழு முறை இன்னும் நிற்கிறது. எனினும் இடைவெளி குறைந்துவிட்டதால் புதிய கருவிகளுக்கு வேறொன்றைத் தேடுவதே அறிவுடைமை. இங்கே அதனை எடுத்தது கற்பதற்காகவே. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2013இல் சைமன், ஸ்பெக் என்று இரண்டு முறைகளை வெளியிட்டது. அவை மிகச் சிறியவை, மிக விரைந்தவை, எவரும் அவற்றை உடைத்துக்காட்டவும் இல்லை. ஆயினும் ஏன் இப்படி அமைத்தீர்கள் என்ற வினாவிற்கு நிறைவான விடை வரவில்லை என்று பல நாட்டு வல்லுநர்கள் கருதியதால், 2018இல் பன்னாட்டுத் தர அமைப்பு அவற்றை ஏற்காது விட்டது. வலியவர் சொன்னார் என்பதற்காக ஏற்கவில்லை. இதனை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

2018இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனம் இலகுரக மறைமுறைக்கென ஒரு போட்டியை அறிவித்தது. 57 முறைகள் வந்தன. 56 ஏற்கப்பட்டு, 32 ஆகி, 2021இல் 10 ஆக வடிகட்டப்பட்டன. அப்பத்தில் ஒன்றான கிஃப்ட்-கோஃப்ப் முறையை வகுத்தோருள் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் மிருதுள் நந்தியும் ஒருவர். 2023 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரைச் சேர்ந்த அறிஞர்கள் 2014இல் முதன்முதல் வெளியிட்டிருந்த ‘ஆஸ்கான்’ தேர்வாயிற்று. 2025 ஆகஸ்டில் அது தரமாக வெளிவந்தது. அதில் 64 பிட் கொண்ட ஐந்து வரிசைகள். மொத்தம் 320 பிட். மேலே சொன்ன பங்கு பிரிக்கும் காவலைக் குறைந்த செலவில் ஏற்கும்படி அதனை வகுத்திருக்கிறார்கள். செய்தியை மறைப்பதோடு, வழியில் எவரேனும் அதனை மாற்றியிருந்தால் அதனையும் அது காட்டிவிடும். நீர்மட்டம் சொல்லும் கருவிக்கு மறைப்பதைவிட இந்த இரண்டாவது காவலே முதன்மையானது. நீர் எவ்வளவு என்பது இரகசியம் அன்று, பொய் சொல்லாமை வேண்டும்.

நம் நாட்டிலும் இத்துறை வேர்கொண்டிருக்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் தேப்தீப் முகோபாத்யாய் தலைமையிலான குழு, சில்லின் ஓசை கேட்டுச் சாவி எடுக்கும் தாக்குதல்களையும் அவற்றுக்குரிய காவலையும் ஆராய்கிறது. 2021இல் அவருக்குப் பட்நாகர் பரிசு கிடைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் சக்தி என்னும் செயலி, எவரும் பார்க்கக்கூடிய திறந்த வடிவமைப்பாக உருவாயிற்று. 2018இல் சில்லாகவும் வெளிவந்தது. சென்னையில் 2002இல் தொடங்கப்பெற்ற செட்ஸ் என்னும் ஆய்வு நிறுவனமும் மறையாக்க ஆய்வில் ஈடுபட்டிருக்கிறது. இவ்விடங்களுக்குச் செல்ல வழி பொறியியலும் கணிதமும். தொடங்குவதற்கோ ஒரு தாளும் பென்சிலும் போதும். சோதனை செய்பவர்க்கு முதலில் வேண்டுவது பொறுமை. நாம் கூறிய முறைகள் அனைத்தும் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டவை. இவற்றைப் படிக்க எவர் வாசலிலும் நின்று அனுமதி கேட்கவேண்டியதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்துச் செல்கிறோம். இரண்டாம் சுற்றின் முடிவு மேலே இருக்கிறது. மூன்றாம் சுற்றுக்குரிய சாவி 5, 0, 0, 0, 1, 8, அதன்பின் ஒன்பது சுழியம், கடைசியில் 1. சேர்த்து, மாற்றி, இடம்பெயர்த்துப் பாருங்கள். இருவர் தனித்தனியே போட்டு, பிறகு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 4, 0, 3, 6, 12, 8, 3, 7, 11, 7, 12, 8, 8, 12, 0, 9 என்று வரவேண்டும். வேறாக வந்தால், எந்தக் கட்டத்தில் முதலில் பிரிகிறது என்று பார்த்து அங்கிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள்.